எம்.டி.எஃப். பீடிங்குக்கு ஆணி அடிப்பது: ஒரு மில் ஃபிட்டரின் கைக்கணக்கு

வாசக்காலை எங்கள் பக்கத்தில் நிலவு என்போம். நிலவுக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே விரிசல் ஓடாத வீட்டை நான் பார்த்ததில்லை. வேப்ப மர நிலவை நிறுத்திப் பூசி இரண்டு கோடை போனால் போதும். மரம் தன் பக்கம் சுருங்கும், பூச்சு நின்ற இடத்தில் நிற்கும், நடுவில் எறும்பு குடித்தனம் நடத்தும். எங்கள் வீடு பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாடி சுற்றுகிற காட்டை ஒட்டி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று முன்வாசல் நிலவின் இடுக்கில் புகுந்து ராத்திரி முழுக்க விசிலடிக்கும். வெள்ளை சிமெண்ட் அடைத்துப் பார்த்தேன். அடுத்த வருஷமே பொருக்காக உதிர்ந்தது. கடைசியில் அந்த இடுக்கின் மேல் எம்.டி.எஃப். பட்டையை, அதாவது மர நாரை நசுக்கிச் செய்த பலகையில் அறுத்த பட்டையை, சுற்றிலும் அடித்து மூடிவிடலாம் என்று இறங்கினேன். கடைக்காரரும் ஆசாரியும் இதை பீடிங் என்பார்கள்.

நான் ஆசாரி இல்லை. ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன், அதில் பாதி, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமிலும் நாரைச் சீவுகிற கார்டிங்கிலும். அதனால் எனக்கு இந்தப் பலகை மரமாகத் தெரியவில்லை, பஞ்சாகத்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

எம்.டி.எஃப். என்பது மரத்தைச் சில்லாக்கி, ஆவியில் வேகவைத்து, அரைத்து நாராக்கி, பசை கலந்து, மெத்தை மாதிரி பரப்பி, சூடான தகட்டுக்கு நடுவில் வைத்து நசுக்கியது. கேட்டால் ஏதோ ப்ளோ ரூமில் லேப் என்கிற பஞ்சுப் பாயைச் சுற்றுகிற மாதிரி இருக்கிறதா? அதேதான். லேப்பில் பஞ்சு படுக்கையாக, அடுக்கடுக்காக இருக்கும். குறுக்கே இழுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஓரத்தில் விரலை விட்டுப் பிரித்தால் பாய் மாதிரி இரண்டாகப் போகும். நூலுக்குப் பலம் கொடுப்பது முறுக்கு. இந்தப் பலகையில் முறுக்கும் இல்லை, மரத்துக்கு இருக்கிற நீள நாரும் இல்லை. எல்லாம் பசையின் தயவு. போதாததற்கு, அழுத்தும்போது மேலும் கீழும் உள்ள தோல் இறுகிப்போகும், நடு வயிறு இளக்கமாக நிற்கும். ஆணியை மேல்முகத்தில் அடித்தால் ஒரு குணம், ஓரத்தில் அடித்தால் வேறு குணம் என்று இது நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் முதல் கதவை முடிப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. மேல் மூலையில் 45 டிகிரிக்கு வெட்டிய இரண்டு பட்டைகளும் சேரும் இடத்தில், தலைப்பக்க ஓரத்திலிருந்து கீழ்நோக்கி ஒன்றரை இன்ச் கம்பி ஆணியை வைத்து அடித்தேன். இரண்டு அடி சரியாகப் போயிற்று. மூன்றாவது அடியில் ஓரம் நடுவாக வாயைத் திறந்தது. உள்ளே பார்த்தால் சாம்பல் கலந்த பழுப்பில், பிரித்த லேப் மாதிரியே நார் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் அலமாரி வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி டீ குடிக்க வந்தவர், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டார்.

"ஏனுங்ணா, பசை போடலீங்ளா?"

"ஆணிதான் அடிக்கறனே தம்பி, பசை எதுக்குங்க?"

"ஆணி எதையும் புடிக்காதுங்ணா. பசை காயற வரைக்கும் பட்டை நகராம இருக்கறதுக்குத்தான் ஆணி. நீங்க ஆணிய நம்புனா அது ஆடிக்காத்துல வந்துரும்."

இந்த ஒரு பேச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற முக்கால்வாசி தானாக விளங்கும்.

முதலில் பலகை. உள்ரூம் கதவுகளுக்குச் சாதாரண எம்.டி.எஃப். போதும், 12 எம்.எம். கனத்தில். ஈரம் படுகிற இடத்துக்கு எச்.டி.எச்.எம்.ஆர். என்று கேட்டு வாங்குங்கள். இன்னும் இறுக்கமானது, தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும். உள்ளே பச்சையாக இருந்தால் ஈரம் தாங்குகிற பலகை என்று கடையில் சொல்வார்கள். அது அடையாளத்துக்குப் போட்ட சாயம், அவ்வளவுதான். சாயத்தை நம்பாமல் பலகையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பாத்ரூம் நிலவுக்கு எதையும் அடிக்காதீர்கள். கறையான் ஏறுகிற சுவருக்கும் வேண்டாம், முதலில் கறையானைப் பாருங்கள். 12 எம்.எம்., 8 அடிக்கு 4 அடி பலகை சுமார் 27 கிலோ இருக்கும். ஒற்றை ஆளாகத் தூக்கி மூலையைத் தரையில் இடித்தால் அந்த மூலை நசுங்கிப் பூவாக விரிந்துவிடும், அப்புறம் அது பீடிங்குக்கு ஆகாது.

கடையிலேயே மெஷினில் 3 இன்ச் பட்டையாக அறுத்து வாங்கிவிட்டேன். வாள் தின்கிற ஒரு நூல் போக 15 பட்டை கிடைத்தது. ஆசாரிக் கணக்கில் இன்ச்சுக்கு எட்டு நூல். வாழ்நாள் முழுக்க மில்லில் கவுண்ட் (நூலின் பருமன் எண்) போட்டு எடை பார்த்த நூல் வேறு, இந்த நூல் வேறு என்று பழகிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

பட்டையின் பாதி நிலவின் மேலும் பாதி பூச்சின் மேலும் உட்காரும், ஒன்றரை ஒன்றரை இன்ச்சாக. நிலவு வெளி அளவில் மூன்றரை அடி அகலம், 7 அடி உயரம் என்றால் மேல் பட்டையின் வெளி ஓரம் 3 அடி 9 இன்ச், பக்கப் பட்டையின் வெளி ஓரம் 7 அடி ஒன்றரை இன்ச். 8 அடிப் பட்டை ஒன்றில் இரண்டு மேல் பட்டை வந்துவிடும். ஆகவே கதவின் ஒரு பக்கத்துக்கு இரண்டரைப் பட்டை, ஒரு பலகையில் 6 பக்கம். 9 இன்ச் சுவரில் நிலவு ஒரு பக்கம்தான் பூச்சுக்குச் சமமாக இருக்கும், மறுபக்கம் உள்ளே தள்ளி நிற்கும். அங்கே இந்த வேலை வராது. இதைக் கவனிக்காமல் ஒரு பலகை அதிகமாக வாங்கினேன். அது இன்னும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

அறுத்த பட்டைகளை அடிக்கப்போகிற அறையிலேயே இரண்டு மூன்று நாள் படுக்கையாக, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டு வைத்து அடுக்கிவிடுங்கள். அறையின் ஈரத்துக்கு அது பழகட்டும். மழைக்காலத்தில் குடோனிலிருந்து வந்ததை அன்றைக்கே அடித்தால் மாசி, பங்குனி வெயிலில் மூலை இடைவெளி விடும்.

வீட்டில் 45 டிகிரி வெட்டும்போது வாசலுக்குப் போய்விடுங்கள், முகமூடி இல்லாமல் வெட்டாதீர்கள். இந்தத் தூசி மரத்தூள் மாதிரி கீழே விழாது, மாவு மாதிரி மிதக்கும்; பசையும் கலந்தது. பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன பாடுபடுத்தும் என்பதைக் கூட வேலை செய்தவர்களிடம் பார்த்தவன் நான். துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என்-95 முகமூடி போடுங்கள்.

அடிப்பதற்கு முன் பசையில்லாமல் ஒருமுறை பட்டையை வைத்துப் பாருங்கள். நிலவு பூச்சை விட ஒரு நூல் தூக்கி நின்றால் பட்டை ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த நிலையில் ஆணி அடித்து இழுக்கப் பார்த்தால் பலகை வளையாது, பிளக்கும். சுவர்ப் பக்கம் மைக்கா துண்டை வைத்து மட்டப்படுத்துங்கள். ஒரு துண்டு 1 எம்.எம்., மூன்று அடுக்கினால் ஒரு நூல் கணக்கு முடிந்தது. பூச்சு எங்காவது புடைத்திருந்தால் அந்த இடத்தை உளியால் தட்டி இறக்குங்கள். பட்டையை வெட்டுவதை விடப் பூச்சைத் தட்டுவது சுலபம்.

இப்போது ஆணிக் கணக்கு. பட்டை 12 எம்.எம்., ஆணி 30 எம்.எம். என்றால் உள்ளே போவது 18. அந்த 18 எம்.எம். நிலவின் மரத்தில் போனால் தாராளம். சுவர்ப் பக்கம் போனால்? உள்பக்கப் பூச்சே 12 முதல் 15 எம்.எம். இருக்கும். ஆணி முழுக்கப் பூச்சுக்குள் நின்றுவிட்டு, முனை மட்டும் செங்கல்லைத் தொடும். தொட்டதும் ஒன்று வளையும், இல்லையென்றால் பூச்சைப் பொரித்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் சுவர்ப் பக்கமும் டப் டப் என்று அடிப்பார்கள். அவர்களுக்குச் சுவருக்குள்ளே மரச்சட்டம் இருக்கிறது. நமக்கு இருப்பது செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ. ஆக, ஆணி வரிசை நிலவுப் பக்கம் மட்டும். சுவர்ப் பக்கத்துக்குப் பசை, அடங்காத இடத்தில் ஸ்க்ரூ.

நிலவுப் பக்கத்துக்கு: பட்டையின் உள் ஓரத்திலிருந்து அரை இன்ச் தள்ளி ஒரு பென்சில் கோடு. கோட்டில் அடிக்கு ஒரு ஆணி. முனைகளில் இரண்டு இன்ச்சுக்குள் ஆணி கூடாது. பக்கப் பட்டைக்கு 8 ஆணி போதும். பயத்தில் 20 ஆணி அடித்தால் பிடிப்பு கூடுவதில்லை, புட்டி வைக்க வேண்டிய குழிதான் கூடும்.

கையால் அடிப்பதென்றால் தலை சிறுத்த ஆணி வாங்குங்கள், பேனல் பின் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். துளை போடாமல் அடிக்காதீர்கள். முப்பது வருஷம் காய்ந்த வேம்பு இரும்புக்குச் சமம். துளையில்லாமல் அடித்தால் ஆணி இடுப்பு ஒடிந்து சாயும், சாயும்போது பட்டையின் தோலையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஒரு எம்.எம். பிட் வாங்கினேன், முதல் கதவிலேயே மூன்று ஒடிந்தது. ஆசாரி சொன்ன வழி இது: அடிக்கப்போகிற ஆணியிலேயே ஒன்றை எடுத்து, குறடால் தலையை வெட்டிவிட்டு, அதையே டிரில்லில் மாட்டிக்கொள்ளுங்கள். அளவு கச்சிதமாக வரும், ஒடியாது, வளைந்தால் இன்னொன்று. ரொம்ப வேகமாகச் சுற்றாதீர்கள், புகையும். பட்டையைத் தாண்டி நிலவுக்குள்ளும் அரை இன்ச் துளை போகட்டும்.

துளை போட்டதும் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சின்ன மேடு எழும்பியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். உளியைப் படுக்கவைத்துச் சீவிவிடுங்கள். அந்த மேடு இருக்கிற வரை பட்டை நிலவோடு ஒட்டாது, பசைக்கும் நிலவுக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும்.

பசை: நிலவுப் பக்கம் ஃபெவிகால் போதும். ஒரு நிபந்தனை, நிலவில் பெயின்ட் இருந்தால் அந்த ஒன்றரை இன்ச்சை உப்புத்தாள் போட்டு மரம் தெரிகிற வரை தேயுங்கள். பெயின்ட் மேல் ஒட்டினால் பட்டை பெயின்ட்டோடு ஒட்டியிருக்கும், பெயின்ட் மரத்தோடு ஒட்டியிருக்குமா என்பது அதன் இஷ்டம். சுவர்ப் பக்கத்துக்கு டியூப்பில் வந்து கன்னில் மாட்டி அழுத்துகிற கெட்டிப் பசை. மேடு பள்ளம் இருந்தாலும் நிரப்பிக்கொள்ளும். இங்கேயும் அதே கதை, சுண்ணாம்பு அடித்த பழைய சுவராக இருந்தால் சுரண்டிப் பூச்சு வரைக்கும் போங்கள். எங்கள் பூஜை அறைக் கதவில் சுரண்டாமல் ஒட்டினேன். பத்து வருஷச் சுண்ணாம்பு ஏழு அடி நீளத்துக்கு அப்பளமாகப் பட்டையோடு வந்தது. மூன்று ஆணி மட்டும் பட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி, "இதுக்கு அந்த விரிசலே லட்சணமா இருந்துச்சுங்க" என்றாள்.

அடிக்கும் வரிசை: மேல் பட்டையை முதலில் நிறுத்துங்கள், ஆணியைப் பாதி மட்டும் இறக்கி. பக்கப் பட்டைகள் கீழே தரையைத் தொடக் கூடாது, இரண்டு நூல் இடைவெளி வேண்டும். அதனால் அவற்றைக் கீழிருந்து மேலே தள்ளி மூலையில் இறுக்கமாகச் சேர்க்கலாம். இரண்டு மூலையும் சரி என்று ஆனபின் எல்லா ஆணியையும் இறக்கலாம். ஒவ்வொரு ஆணியையும் கடைசி நூல் வரைக்கும்தான் சுத்தியலால் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆணித் தலையை உள்ளே தள்ளுகிற பஞ்ச் கம்பியை வைத்து ஒரே தட்டில் தோலுக்குக் கீழே அரை நூல் இறக்குங்கள். சுத்தியல் முகம் பலகையில் பட்டால் நிலா மாதிரி ஒரு பள்ளம் விழும். மரமாக இருந்தால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் எழும்பிவிடும். இதில் அப்படிச் செய்தால் நார் ஊதிப்போய் இன்னும் அசிங்கமாகும்.

நாலு கதவுக்கு மேல் இருந்தால் கையால் அடிக்காதீர்கள். கம்ப்ரஸருக்குப் பேர் போன கோவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏன் விரலை நசுக்கிக்கொள்ள வேண்டும்? காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற ஏர் கன்னும் சின்ன கம்ப்ரஸரும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். ஆணிக்கு எஃப்-30 என்று பேர். எஃப் பக்கத்தில் இருக்கிற எண் நீளம், எம்.எம். கணக்கில். கையால் அடிக்கிற ஆணியை விட ரொம்ப மெல்லிசு, 18 கேஜ். எம்.டி.எஃப்.-க்கு மெல்லிசுதான் நல்லது. துளை தேவையில்லை, பிளக்கிற பயமும் குறைவு.

கழிவுத் துண்டை அதே மாதிரி பழைய மரத்தின் மேல் வைத்து அழுத்தத்தைச் சரிபார்க்காமல் கதவுக்குப் போகாதீர்கள். 60, 70 பி.எஸ்.ஐ.-யில் ஆரம்பியுங்கள். ஆணித் தலை வெளியே நின்றால் கொஞ்சம் ஏற்றுங்கள், குழி ஆழமாகி ஆணி 12 எம்.எம்.-இல் பாதியைத் தாண்டிப் போனால் இறக்குங்கள். பட்டையைப் பிடிக்கிற மேல்தோல் போய்விட்டால் அந்த ஆணி இருந்தும் இல்லை.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். இந்த ஆணியின் முனை ஊசி மாதிரி இருக்காது, உளி மாதிரி தட்டையாக இருக்கும். உள்ளே கடினமான இடத்தில் பட்டால் அந்தத் தட்டை காட்டுகிற திசைக்கு வளைந்து ஓடும். அந்தத் திசை, கன்னை நீங்கள் பிடித்திருக்கும் நிலையில் இடது புறம் அல்லது வலது புறம். ஆணிச் சரம் இருக்கிற வால் பகுதியைப் பட்டையின் நீளத்தோடு நீளமாகப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஆணி வேம்பின் கணுவில் மோதி, வளைந்து, பட்டையின் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. என் இடது பெருவிரலுக்கும் அதற்கும் அரை இன்ச்தான். வெளியே நீட்டியிருந்தது புத்தம் புதுப் பளபளப்போடு கொக்கி மாதிரி இருந்தது. கன்னைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மறுபடி எடுத்தேன். வாலைப் பட்டைக்குக் குறுக்கே வருகிற மாதிரிப் பிடியுங்கள். அப்போது ஆணி வளைந்தாலும் பட்டையின் நீளத்தோடு உள்ளேயே ஓடும். பிடிக்கிற கை ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். கண்ணாடி போடுங்கள். சரம் மாட்டும்போது காற்றுக் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

அப்படி வெளியே வந்த ஆணியைப் பின்னால் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், முகத்தைப் பொரித்துவிடும். குறடால் முனையைப் பிடித்து, அது வெளியே நீட்டுகிற பக்கமாகவே இழுத்துவிடுங்கள். தலை சின்னதாக இருப்பதால் பட்டைக்குள்ளாகவே வந்துவிடும்.

சுவர்ப் பக்கம் எங்காவது பட்டை தூக்கி நின்றால், ஒரு ராத்திரிக்கு முட்டுக் கொடுத்தால் பசை பிடித்துக்கொள்ளும். எதிர்ச் சுவருக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு ரீப்பரை வளைத்து நிறுத்தினால் போதும். அப்படியும் அடங்காத வளைவுக்கு மட்டும் 6 எம்.எம். துளை போட்டு, ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் குழல்) இறக்கி, 50 எம்.எம். ஸ்க்ரூ. பட்டைக்கு 12, பூச்சுக்கு 15 போனால் மீதி செங்கல்லில் நிற்கும். பிளக் பூச்சிலேயே நின்றுவிடாமல் செங்கல் வரைக்கும் தட்டி உள்ளே தள்ளுங்கள். பட்டையில் போடுகிற துளை ஸ்க்ரூவை விட அரை எம்.எம். பெரிதாக, ஸ்க்ரூ தாராளமாக நழுவிப் போகிற அளவில் இருக்க வேண்டும். பட்டையையும் ஸ்க்ரூ கடித்துக்கொண்டு போனால் சுவரோடு இழுக்காது. தலைக்குக் கிண்ணம் மாதிரிக் குழி எடுத்துவிடுங்கள். எடுக்காமல் முறுக்கினால் சுற்றிலும் வீங்கும்.

மூலை. 45 டிகிரி வெட்டிய முகம் முழுக்க இளக்கமான நார்; ஃபெவிகாலை அப்படியே குடித்துவிடும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு தடவி ஐந்து நிமிஷம் விடுங்கள். குடிக்கிறதைக் குடிக்கட்டும். பிறகு இரண்டாம் பூச்சு போட்டுச் சேர்த்து, முகத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிவிடுங்கள். மூலைக்கு ஆணியே வேண்டாம். மனசு கேட்காவிட்டால் ஓரத்திலிருந்து, துளை போட்டு, பட்டை கனத்தின் நட்டநடுவில் ஒன்றே ஒன்று. துளை போடாமல் அடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஓரத்தில் அடிப்பதைப் பற்றி இன்னும் ஒன்று. ப்ளைவுட் அலமாரித் தட்டுக்கு முன்னால் எம்.டி.எஃப். பட்டையை முகமாக வைத்து அடிக்கலாம், ஆணி ப்ளைவுட் ஓரத்தில் ஓரளவு பிடிக்கும். தட்டே எம்.டி.எஃப். என்றால் அதன் ஓரத்தில் ஆணியே கூடாது. பசை, கிளாம்ப், ஒரு ராத்திரி.

புட்டி வைக்கிற கட்டத்தில்தான் நிறையப் பேர் கெடுப்பார்கள். நானும் கெடுத்தேன். மரத்தில் ஆணி இறங்கினால் நார் விலகி வழிவிடும். இதில் விலக இடமில்லை, ஆணி நகர்த்திய நார் மேலே வந்து தலையைச் சுற்றிப் பரு மாதிரி நிற்கும். அதன் மேலேயே புட்டி வைத்துத் தேய்த்தால் புட்டி தேயும், பரு தேயாது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. பெயின்ட் அடித்து முடித்து ராத்திரி டியூப்லைட் போட்டேன். சுவரோரமாகச் சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் எட்டு ஆணியும் எட்டு கொப்புளமாக வரிசையில் நின்றது. ஆகவே புட்டிக்கு முன்னால், கூர்மையான அகல உளியைப் படுக்கவைத்து ஒவ்வொரு பருவையும் சீவி எடுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நார் சிலிர்க்கும். மட்டமாக்கிய பிறகு மரப் புட்டி, இரண்டு தடவையாக. முதல் தடவை காய்ந்து குழி விழும், அதன் மேல் இரண்டாவது. சுவருக்குப் பூசுகிற வால் புட்டி இதற்கு ஆகாது, உதிர்ந்துவிடும். காய்ந்ததும் 180 நம்பர் தாள், பிறகு 240. செல்போன் டார்ச்சைப் பட்டையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், டியூப்லைட் காட்டிக்கொடுப்பதை அது முன்னாலேயே காட்டிக்கொடுக்கும்.

அறுத்த ஓரங்கள் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முகத்துக்கு இரண்டு கோட் என்றால் ஓரத்துக்கு நாலு கோட் அடித்தாலும் சொரசொரப்பு போகாது. சாண்டிங் சீலரை ஓரத்தில் மட்டும் இரண்டு தடவை தடவி, நடுவில் ஒருமுறை தேய்த்துவிட்டால் அடங்கிவிடும். பிரைமர் ஆயில் பிரைமராக இருக்கட்டும். தண்ணீர் கலந்த பிரைமர் நாரை எழுப்பிவிடும். பட்டையின் பின்பக்கத்துக்கும் தரையைப் பார்க்கிற அடிமுனைக்கும் அடிப்பதற்கு முன்பே ஒரு கோட் பிரைமர் அடித்திருக்க வேண்டும். பசை படுகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் வாசலைப் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், உள்ளே மாப் போடுகிறோம். அடிமுனை ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இதே காரணத்தால் தரையோரம் ஓடுகிற ஸ்கர்ட்டிங்குக்கு எம்.டி.எஃப். வைக்கலாமா என்று யாராவது கேட்டால் டைல்ஸே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

முகத்துக்கு எனாமல் இரண்டு கோட். பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் மயிரளவு கோடு தெரிந்தால், பெயின்ட்டுக்கு முன்னால் அக்ரிலிக் சீலண்டை விரலால் இழுத்துவிடுங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் நிற்காது.

கடைசிக் கோட் அடித்த ராத்திரி எந்தக் கதவையும் முழுக்கச் சாத்தாதீர்கள். எங்கள் சமையலறைக் கதவைப் பூனைக்குப் பயந்து சாத்தினேன், ஈர எனாமல் கதவோடு ஒட்டிக்கொண்டது. காலையில் திறக்கும்போது தாழ்ப்பாள் பக்கம் நாலு இன்ச் நீளத்துக்குத் தோல் உரிந்து வந்தது. கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து, ஒரு சாண் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். பூனைக்கு வேறு வழி பாருங்கள்.